இரட்டைப் பதிவுகளை நீக்க மேக்ரோ வேண்டுமா, பொத்தானே போதுமா?

பழைய மாணவர் சங்கம் ஒன்று ஆண்டு விழாவுக்குக் கூகுள் படிவத்தில் பெயர் வாங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். பெயர், படித்து முடித்த ஆண்டு, செல்பேசி எண், ஊர், உடன் வருவோர் எத்தனை பேர், சைவமா அசைவமா: இவ்வளவுதான் கேள்விகள். ஒருவர் முதல் நாளே பதிவு செய்வார். போய்ச் சேர்ந்ததோ இல்லையோ என்ற ஐயத்தில் மறுநாள் இன்னொரு முறை செய்வார். மனைவியும் வருவதாக முடிவானதும் மூன்றாவது முறையும் செய்வார். இலை எத்தனை என்று சமையல்காரர் கேட்கும்போது, பட்டியலில் இருப்பது ஆட்களின் எண்ணிக்கையா, பதிவுகளின் எண்ணிக்கையா என்று விழாக் குழுவில் யாருக்கும் தெரியாது.

பட்டியலை எக்செலில் இறக்கி, ‘மேக்ரோ (எக்செலுக்குள் எழுதி ஓடவிடும் சிறு நிரல்) போட்டால் ஒரு நொடியில் போய்விடும்’ என்று கணினி தெரிந்த ஒருவர் சொல்வார். போகும், உண்மைதான். எது போகும் என்பதைத்தான் கேட்க வேண்டும். மேலே சொன்ன நண்பரின் மூன்று வரிசைகளில் நமக்கு வேண்டியது கடைசி வரிசை. மனைவியின் சாப்பாடு அதில்தான் இருக்கிறது. எக்செலின் இரட்டை நீக்கும் பொத்தான் தானாகச் செய்யும் வேலையில் நிற்பதோ முதல் வரிசை. வேகத்தைப் பார்த்துக் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் பொருளில்லை. சில ஆயிரம் வரிசைகளுக்கு எல்லா வழியும் வேகமான வழிதான். எந்த வரிசை நிற்க வேண்டும், தவறு நேர்ந்தால் திரும்ப எடுக்க முடியுமா, இதே வேலை மறுபடி வருமா என்பவற்றைப் பார்த்து முடிவெடுக்க வேண்டும் என்பது என் கட்சி. அப்படிப் பார்த்தால் மேக்ரோ பல நேரங்களில் தேவைப்படாது. தேவைப்படும் இடத்தில் அதற்கு ஈடு வேறில்லை.

பொத்தான்

எக்செல் 2007 பதிப்பில் டேட்டா தாவலுக்கு ‘ரிமூவ் டூப்ளிகேட்ஸ்’ பொத்தான் வந்தது. தாளின் எல்லை 65,536 வரிசைகளிலிருந்து 10,48,576 ஆக உயர்ந்ததும் அதே பதிப்பில்தான். பட்டியலுக்குள் ஒரு கட்டத்தில் நின்று பொத்தானை அழுத்தினால், எந்தெந்த நெடுவரிசைகளை ஒப்பிடுவது என்று கேட்கும். இங்கேதான் முதல் கோளாறு. கூகுள் படிவத்திலிருந்து வரும் தாளின் முதல் நெடுவரிசை பதிவு நேரம். ஒரே ஆள் ஒரே விவரத்தை இரண்டு முறை அனுப்பினாலும் நேரம் வேறாக இருக்கும். எல்லாப் பெட்டிகளிலும் குறி இருக்கும்படியே சரி என்று கொடுத்தால், இரட்டைப் பதிவு எதுவும் இல்லை என்று எக்செல் சொல்லிவிடும். பலர் அதை நம்பியும் விடுகிறார்கள். ஆளை அடையாளம் காட்டும் நெடுவரிசைகளுக்கு மட்டும் குறி வைக்க வேண்டும்.

முதல் வரிசைதான் நிற்கும் என்ற சிக்கலுக்கு எளிய வழி உண்டு. பொத்தானை அழுத்துமுன் பதிவு நேரத்தின்படி புதியது மேலே வருமாறு தாளை அடுக்கிவிட்டால், ஒவ்வொருவரின் கடைசிப் பதிவே அவருடைய முதல் வரிசையாகிவிடுகிறது. இதற்காக மட்டும் மேக்ரோ எழுதுவது வீண் வேலை.

பொத்தானில் வேறு ஆபத்துகள் இருக்கின்றன. ஒரு நெடுவரிசையை மட்டும் தேர்ந்தெடுத்து அழுத்தினால், பக்கத்தில் இருப்பவற்றையும் சேர்க்கட்டுமா என்று எக்செல் கேட்கும். அவசரத்தில் வேண்டாம் என்று சொல்லிவிட்டால், அந்த நெடுவரிசையில் மட்டும் கட்டங்கள் மேலேறும், மற்றவை அசையாது. திருச்சிக்காரரின் பெயருக்கு நேராகத் தூத்துக்குடிக்காரரின் எண் வந்து நிற்கும். பார்வைக்குப் பட்டியல் ஒழுங்காகவே இருக்கும் என்பதுதான் இதில் கொடுமை.

இன்னொன்று, தேதிகள். எக்செல் இங்கே பார்ப்பது கட்டத்தில் தெரியும் மதிப்பை. உள்ளே சேமித்திருப்பதை அல்ல. ஒரே தேதி ஒரு கட்டத்தில் எண்ணாகவும் மற்றொன்றில் மாதப் பெயரோடும் தெரிந்தால் இரண்டும் வேறு என்று விட்டுவிடும். கூகுள் ஷீட்ஸின் அதே வசதி இதற்கு நேர் எதிர். வடிவம் வேறாக இருந்தாலும் மதிப்பு ஒன்றானால் ஒன்றுதான் என்று எடுத்துக்கொள்ளும். ஒரே கோப்பு இரண்டு இடத்தில் இரண்டு விடை தரும்போது ஆச்சரியப்பட வேண்டாம்.

வேலை முடிந்ததும் எத்தனை நீங்கின, எத்தனை மிஞ்சின என்று ஒரு செய்தி வரும். எவை நீங்கின என்று சொல்லாது. பொத்தானில் எனக்குள்ள பெரிய குறை இதுதான். ஆனாலும் கண்ட்ரோல் இசட் அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பலாம். மேக்ரோவில் அந்த வசதி இல்லை என்பதைப் பின்னால் சொல்கிறேன்.

சூத்திரங்கள்

நீக்குவதற்கு முன் கண்ணால் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குக் கவுண்ட்இஃப் என்ற எண்ணும் சூத்திரம் நல்ல துணை. பக்கத்தில் ஒரு நெடுவரிசை சேர்த்து, இந்த எண் இதுவரை எத்தனையாவது முறை வருகிறது என்று எண்ணச் சொன்னால், முதல் வரவுக்கு 1, அடுத்ததற்கு 2 என்று விழும். 1க்கு மேற்பட்டவற்றை வடிகட்டிப் பார்த்து, திருப்தியான பிறகு நீக்கலாம். கடைசி வரவை வைத்துக்கொள்ள வேண்டுமானால், எண்ணும் எல்லையை மேலிருந்து இந்த வரிசை வரை என்பதற்குப் பதில் இந்த வரிசையிலிருந்து அடி வரை என்று மாற்றினால் போதும். பட்டியல் நீளமாக ஆக இது மெதுவாகும், ஒவ்வொரு வரிசையும் மற்ற வரிசைகளை எண்ணிக்கொண்டிருப்பதால்.

வங்கிக் கணக்கு எண்களுக்கு இதைப் பயன்படுத்துமுன் ஒன்று தெரிந்திருக்க வேண்டும். எக்செல் எண்களில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும். கணக்கு எண்ணை எழுத்தாகவே சேமித்திருந்தாலும் கவுண்ட்இஃப் அதை எண்ணாக மாற்றித்தான் ஒப்பிடுகிறது. ஆகவே முதல் 15 இலக்கங்கள் ஒத்து 16ஆவது மட்டும் வேறுபடும் இரண்டு கணக்குகளை ஒன்றாகவே எண்ணிவிடும். செல்பேசி எண்ணுக்குப் பத்து, ஆதாருக்குப் பன்னிரண்டு என்பதால் அங்கே பயமில்லை.

புதிய பதிப்புகளில், அதாவது எக்செல் 2021, மைக்ரோசாப்ட் 365 ஆகியவற்றில், யுனிக் என்ற சார்பு உண்டு. மூலத்தைத் தொடாமல் வேறு இடத்தில் தனித்த வரிசைகளை மட்டும் விரித்துக் காட்டும். இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஆபிஸிலும் 24.8 பதிப்பிலிருந்து அது கிடைக்கிறது. நம் விழாப் பட்டியலுக்கு இது அவ்வளவாக உதவாது. தன்னிடம் கொடுத்த வரிசை முழுவதும் ஒத்திருந்தால்தான் ஒன்றாக எடுத்துக்கொள்ளும், செல்பேசி எண்ணை மட்டும் பார்த்து மற்ற விவரங்களையும் கூட்டி வா என்று நேரடியாகச் சொல்ல முடியாது. எந்தெந்த ஊர்களிலிருந்து வருகிறார்கள் என்ற சிறு பட்டியலுக்கு அருமையானது.

ஒன்றாக இருப்பதும் ஒன்றுபோல் தெரிவதும்

கருவி எதுவானாலும், தரவைச் சீர்செய்யாமல் ஒப்பிட்டால் பாதி இரட்டைகள் தப்பிவிடும். செல்பேசி எண்ணை ஒருவர் 91 சேர்த்து எழுதுவார், இன்னொருவர் முன்னால் சுழியம் போடுவார், மூன்றாமவர் ஐந்து ஐந்தாகப் பிரித்து நடுவே இடைவெளி விடுவார். கணினிக்கு இவை மூன்றும் மூன்று ஆட்கள். எண்கள் அல்லாதவற்றைக் களைந்து கடைசிப் பத்து இலக்கங்களை மட்டும் தனி நெடுவரிசையில் எடுத்துக்கொண்டு, அதையே ஒப்பிட வேண்டும். பெயரின் இறுதியில் ஒட்டிக்கொண்டிருக்கும் இடைவெளியை டிரிம் என்ற சூத்திரம் நீக்கும். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்து ஒட்டியதில் வரும் 160ஆம் குறியீட்டு இடைவெளியை டிரிம் நீக்காது. அதைத் தனியாகச் சப்ஸ்டிடியூட் கொண்டு மாற்ற வேண்டும்.

பெயர்களை ஒப்பிடுவது நமக்கு எப்போதும் தலைவலி. தலைப்பெழுத்து முன்னால் வரும், பின்னால் வரும், புள்ளியோடு வரும், புள்ளியில்லாமல் வரும். ஔவை என்பதை ஒரே எழுத்தாகத் தட்டாமல் ஒ, ள என்று இரண்டாகத் தட்டுகிறவர்கள் ஏராளம். ‘ஸ்ரீ’ இன்றைய பொது எழுத்துக் குறியீட்டு முறையான யூனிகோடில் இரண்டு விதமாக உருவாகிறது: ஸகரத்தில் தொடங்கியும் ஶகரத்தில் தொடங்கியும். திரையில் வேறுபாடே தெரியாது, குறியீடுகளை வைத்து ஒப்பிடும் நிரலுக்கு இரண்டும் வெவ்வேறு பெயர்கள்.

இதைவிட மோசமானது பழைய உறுப்பினர் பட்டியல். பல சங்கங்களில் அது இன்னும் பாமினி எழுத்துருவில்தான் கிடக்கிறது. பாமினியில் நாம் பார்ப்பது தமிழ், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள். சிறிய ‘ஆர்’ தட்டினால் ச, பெரிய ‘ஆர்’ தட்டினால் சு. ஆகவே சதா, சுதா என்ற இரண்டு பெயர்களுக்கும் உள்ளே ஒரே எழுத்துக்கோவை. முதலெழுத்து சிறியதா பெரியதா என்பது மட்டும் வேறுபாடு. எக்செலின் பொத்தான் சிறிய, பெரிய எழுத்தைப் பிரித்துப் பார்ப்பதில்லை. ஒரே ஆண்டில் ஒரே ஊரிலிருந்து படித்த சதாவும் சுதாவும் இருந்து, அந்த நெடுவரிசைகளை மட்டும் ஒப்பிட்டால், ஒருவர் சங்கத்திலிருந்தே மறைந்துவிடுவார். பொத்தான், கவுண்ட்இஃப், யுனிக் மூன்றிலும் இந்த ஆபத்து உண்டு. எக்செலுக்குள் தரவைச் சீர்செய்யும் கருவியான பவர் குவெரியும் சரியாக எழுதிய மேக்ரோவும் இங்கே பிழைத்துக்கொள்ளும். யூனிகோடுக்கு மாற்றிவிட்டு வேலையைத் தொடங்குவதே நல்லது என்று சொல்லவும் வேண்டுமா?

மேக்ரோ

மேக்ரோவிலும் மூன்று படிநிலைகள் உண்டு; அவற்றின் தரம் ஒன்றல்ல.

முதலாவது, பதிவுக் கருவியை ஓடவிட்டு, பொத்தானை அழுத்தி, அதையே மேக்ரோவாகச் சேமிப்பது. எழுதத் தெரிய வேண்டாம் என்பதால் எல்லோரும் இதில்தான் தொடங்குகிறார்கள். பதிவான நிரலைத் திறந்து பார்த்தால், இன்று பட்டியல் இருந்த எல்லை அப்படியே எழுதப்பட்டிருக்கும். இன்று 312 வரிசை என்றால் நாளைக்கும் 312 வரிசை. அடுத்த மாதம் 500 வரிசை வந்தால் மீதியைத் தொடவே தொடாது, பிழைச் செய்தியும் வராது. பட்டியலை முதலில் எக்செல் டேபிளாக மாற்றி, நிரலில் எல்லைக்குப் பதில் டேபிளின் பெயரை எழுதினால் இந்தத் தொல்லை தீரும். அப்போதும் இது பொத்தானின் வேலைதான். அதன் குறைகள் அத்தனையும் இதற்கும் உண்டு.

இரண்டாவது, பழைய பாணிச் சுழற்சி: ஒவ்வொரு வரிசையாகப் பார்த்து, இரட்டை என்றால் நீக்குவது. மேலிருந்து கீழே போகக் கூடாது. ஐந்தாம் வரிசையை நீக்கியதும் ஆறாவது ஐந்தாவதாகிவிடும். நிரலோ அடுத்து ஆறுக்குப் போய்விடும், இடையில் ஒன்று பார்க்கப்படாமல் தப்பிவிடும். அதனால்தான் கடைசி வரிசையில் தொடங்கி மேலே ஏறி வருவது வழக்கம். தாளின் வரிசைகளை ஒவ்வொன்றாக நீக்குவது எக்செலுக்கு மிகவும் கனமான வேலை என்பதால் பெரிய கோப்பில் இது நகராது. இன்று இதை யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

மூன்றாவதுதான் மேக்ரோ எழுதுவதற்கு நியாயம் சேர்ப்பது. முழுப் பட்டியலையும் ஒரே மூச்சில் நினைவகத்துக்குள் எடுத்துக்கொண்டு, ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் அடையாளக் கோவை செய்து, அதை, பார்த்தவற்றைக் குறித்துவைத்து உடனே தேடித்தரும் பட்டியலான ஸ்கிரிப்டிங் டிக்‌ஷனரியில் தேடுவது. ஏற்கெனவே இருந்தால் இரட்டை, இல்லையென்றால் புதியது. கீழிருந்து மேலே வந்தால் கடைசிப் பதிவு நிற்கும். எல்லாம் முடிந்த பின் விடையை ஒரே தடவையில் தாளில் எழுதினால் போதும்.

அந்த அடையாளக் கோவையை எதைக்கொண்டு செய்வது என்பதில்தான் யோசனை வேண்டும். செல்பேசி எண் மட்டும் போதாது. ஒரே பள்ளியில் படித்துத் திருமணம் செய்துகொண்ட தம்பதி ஒரே எண்ணைக் கொடுத்திருந்தால், ஒருவர் நீங்கிவிடுவார். எண்ணோடு படித்து முடித்த ஆண்டையும் சேர்க்கலாம். இருவரும் ஒரே வகுப்பு என்றால் பெயரின் முதலெழுத்தையும் சேர்க்க வேண்டியிருக்கும். இரண்டு மதிப்புகளை ஒட்டும்போது நடுவே ஒரு பிரிப்புக் குறி வைக்க மறக்கக் கூடாது. 1, 23 என்பதும் 12, 3 என்பதும் குறியில்லாமல் ஒட்டினால் 123தான்.

டிக்‌ஷனரி இயல்பாகவே சிறிய, பெரிய எழுத்தைப் பிரித்துப் பார்க்கும். பாமினிப் பட்டியலுக்கு அது வரம். ஆங்கிலப் பெயர்ப் பட்டியலுக்கு அது இடைஞ்சல். ஒப்பிடும் முறையை மாற்றலாம், ஆனால் முதல் பதிவைச் சேர்ப்பதற்கு முன்பே மாற்றிவிட வேண்டும். எண்ணாக இருக்கும் 5ஐயும் எழுத்தாக இருக்கும் 5ஐயும் அது வேறு வேறாகவே பார்க்கும், எனவே எல்லாவற்றையும் எழுத்தாக மாற்றிவிட்டே உள்ளே அனுப்புவது பாதுகாப்பு. ஒரு கட்டுப்பாடும் உண்டு: இது விண்டோஸின் சொத்து. குழுவில் ஒருவரிடம் மேக் கணினி இருந்தால் அங்கே ஓடாது. மேக்ரோ எழுதும் மொழியான விபிஏவின் சொந்தக் கலெக்‌ஷனைப் பயன்படுத்தி மாற்றி எழுத வேண்டும்.

மேக்ரோவுக்கு நாம் கொடுக்கும் விலையையும் சொல்லியாக வேண்டும். மேக்ரோ தாளை மாற்றிய பின் கண்ட்ரோல் இசட் வேலை செய்யாது; அதற்கு முன் செய்தவற்றைத் திரும்பப் பெறும் வழியும் அதோடு அழிந்துவிடும். கோப்பை மேக்ரோ அனுமதிக்கும் தனி வடிவில் சேமிக்க வேண்டும். 2022இலிருந்து, இணையம் வழியாக வந்த கோப்புகளின் மேக்ரோக்களை மைக்ரோசாப்ட் இயல்பாகவே தடுக்கத் தொடங்கியது. மின்னஞ்சலில் பெற்றவர் கோப்பின் பண்புகளுக்குள் போய்த் தடையை நீக்கினால்தான் ஓடும். அந்தத் தடை சரியானதே. யாரோ அனுப்பிய கோப்பின் மேக்ரோவை யோசிக்காமல் ஓடவிடும் பழக்கத்தைச் சங்கத்துச் செயலாளருக்கு நாம் கற்றுக்கொடுக்க வேண்டாம். உலாவியில் திறக்கும் எக்செலிலோ செல்பேசி எக்செலிலோ விபிஏ ஓடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியவர் வேலை மாறிப் போய்விட்டால் அந்த நிரலைத் தொட ஆள் இருக்காது.

பவர் குவெரி, கூகுள் ஷீட்ஸ்

மாதாமாதம் இதே வேலை வருகிறது, நிரல் எழுத விருப்பமில்லை என்பவர்களுக்கு நான் முதலில் காட்டுவது பவர் குவெரியைத்தான். எக்செல் 2016 முதல் தனியாக நிறுவத் தேவையில்லாமல் உள்ளேயே இருக்கிறது. இடைவெளி நீக்கு, கடைசிப் பத்து இலக்கம் எடு, இரட்டையை நீக்கு என்று செய்கிற ஒவ்வொன்றும் படிகளாகப் பதிவாகும். அடுத்த மாதம் புதிய கோப்பை வைத்துப் புதுப்பித்தால் அத்தனையும் மறுபடி நடக்கும். விடை வேறு தாளில் விழும்; மூலம் அப்படியே இருக்கும். மேக்ரோ எச்சரிக்கையும் இல்லை.

ஒரு நுணுக்கம் மட்டும் பலரைக் கவிழ்த்திருக்கிறது. புதியது மேலே வரும்படி அடுக்கிவிட்டு இரட்டையை நீக்கினால் கடைசிப் பதிவே நிற்கும் என்று பொத்தானில் நம்பலாம், பவர் குவெரியில் நம்ப முடியாது. அது தன் வசதிக்கு ஏற்ப அடுக்கும் படியைப் பொருட்படுத்தாமல் போகலாம். நடுவே டேபிள் பஃபர் என்ற சார்பைச் சேர்த்து அடுக்கிய நிலையை உறுதிசெய்ய வேண்டும்; அல்லது ஒவ்வொரு ஆளுக்கும் மிகப் பிந்தைய பதிவு நேரத்தைக் குழுவாக்கி எடுக்க வேண்டும்.

தரவு பிறப்பதே கூகுளில் என்றால், அங்கேயே முடித்துவிடுவதும் ஒரு வழி. ஷீட்ஸின் டேட்டா பட்டியலில் சுத்தம் செய்யும் பகுதியில் இரட்டை நீக்கும் வசதி உள்ளது. கூகுளில் நிரல் எழுதும் வசதியான ஆப்ஸ் ஸ்கிரிப்டில் சில வரிகள் எழுதினால், படிவம் வந்து விழும்போதெல்லாம் தானாகவே ஓடும்படியும் செய்யலாம். ஒரு தடவை ஓட ஆறு நிமிடம் என்பது உச்சவரம்பு. விழாப் பட்டியலுக்கு அது தாராளம். பரவலாகச் சொல்லித்தரப்படும் முறை, முழுத் தாளையும் படித்து, வடிகட்டி, பழையதை அழித்து, புதியதை எழுதுவது. தாளில் சூத்திரங்கள் இருந்தால் அவை வெறும் மதிப்புகளாகிவிடும் என்பதை அந்தப் பாடங்களைப் படிப்பவர்கள் கவனிப்பதில்லை. நல்ல வேளையாகப் பதிப்பு வரலாறு இருக்கிறது, முந்தைய நிலைக்குப் போய்விடலாம். தாளில் நீக்கினாலும் படிவத்துக்குள் அசல் பதிவுகள் பத்திரமாகவே இருக்கும்.

ஒருவருக்கு ஒரு பதிவுதான் என்று படிவத்திலேயே கட்டுப்படுத்தவும் முடியும். ஆனால் பதிவு செய்பவர் கூகுள் கணக்கில் நுழைந்தாக வேண்டும். 1978இல் படித்து முடித்த பெரியவரிடம் அதைக் கேட்டால், பதிவே செய்யாமல் நேராகப் பந்திக்கு வந்துவிடுவார்.

எதை எடுப்பது

ஒரே ஒரு முறை செய்யும் வேலையா? தாளை நகலெடுத்து வைத்துவிட்டு, எண்ணைச் சீராக்கி, நேரப்படி அடுக்கி, பொத்தானை அழுத்துங்கள். மாதந்தோறும் வரும் வேலை, விதி எளிமையானது என்றால் பவர் குவெரி. விதி சிக்கலாகி, தம்பதி ஒரே எண், பழைய பாமினிப் பட்டியல், ஒருவரின் இரண்டு பதிவுகளிலிருந்து ஊரை இதிலும் உணவை அதிலும் எடுத்து ஒன்றாக்குவது என்றெல்லாம் வரும்போதுதான் மேக்ரோ எழுத உட்காருவேன். அப்போதும் டிக்‌ஷனரி வழியில்தான்.

அப்படி எழுதும் மேக்ரோ எதையும் நீக்காமல் இருப்பது உத்தமம். கடைசியில் ஒரு நெடுவரிசை சேர்த்து, நிற்க வேண்டிய வரிசையில் ‘வை’ என்றும், மற்றவற்றில் எந்த வரிசைக்கு இரட்டை என்று அதன் எண்ணையும் எழுதச் சொன்னால் போதும். 47ஆம் வரிசைக்கு நேரே 212 என்று இருந்தால், இரண்டையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்துவிடலாம். உணவு விருப்பமோ உடன் வருவோர் எண்ணிக்கையோ மாறியிருக்கும் ஜோடிகளை மட்டும் மஞ்சள் நிறமாக்கச் சொல்லுங்கள். அந்தச் சிலரைச் செயலாளர் தொலைபேசியில் கேட்டுக்கொள்ளட்டும். ‘வை’ என்றுள்ள வரிசைகளை வடிகட்டி, உடன் வருவோரையும் கூட்டிச் சமையல்காரரிடம் எண்ணிக்கையைச் சொல்லிவிடலாம்.